கம்பங்கதிர் போல ஒரு காந்தம்: மாங்கனைட் நானோகுழாய்கள்

மாங்கனைட் (மாங்கனீஸ் அடங்கிய ஒரு காந்த ஆக்சைடு) நானோகுழாயின் காந்த அளவீடு கைக்கு வந்ததும் பலரும் முதலில் செய்வது, நீளம் இவ்வளவு, விட்டம் இவ்வளவு என்று ஒரு வெற்று உருளைக்குக் கணக்குப் போடுவது. விடை ஒட்டாது. ஏனென்றால் அது உருளையே அல்ல. ஒரு கம்பங்கதிரிலிருந்து நடுத்தண்டை மட்டும் உருவி எடுத்தால் மிஞ்சுவது எதுவோ, அதுதான் இந்தக் குழாய். 25 நானோமீட்டர் மணிகள் ஒன்றையொன்று ஒட்டி நின்று சுவராகியிருக்கின்றன. வெளிவிட்டம் 800 நானோமீட்டர், சுவர்த் தடிமன் 60 நானோமீட்டர், நீளம் 5 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுவரின் 60 சதவீத இடத்தை மணிகள் அடைக்கின்றன என்றால் ஒரே குழாயில் ஏறக்குறைய 50,000 மணிகள் இருக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அவை தொட்டுக்கொண்டிருப்பது போலத்தான் தெரியும். ஆனால் காந்தத்தின் கண்ணுக்கு அவை தொடுவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

இந்தக் குழாய்களை முதலில் செய்து காட்டியவர்கள் அர்ஜென்டினா அணுசக்தி ஆணையத்தின் ஆய்வகங்களைச் சேர்ந்த லெவி, லேவா, ட்ரொயானி, சான்செஸ் ஆகியோர். 2003-இல் அது ‘அப்ளைடு ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழில் வந்தது. 2007-இல் குரியாலேயும் அதே குழுவினரும் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ பி’ இதழில் காந்தப் பண்புகளை விரிவாக எழுதினார்கள். லாந்தனம்–ஸ்ட்ரான்ஷியம் மாங்கனைட் திட ஆக்சைடு எரிமின்கலத்தில் கேத்தோடாகவும் பயன்படுவதால், குழாய் வடிவத்துக்கு அந்தப் பக்கத்திலும் தேவை இருந்தது. இங்கே எடுத்துக்கொள்வது லாந்தனம் 0.67, ஸ்ட்ரான்ஷியம் 0.33, மாங்கனீஸ் 1, ஆக்சிஜன் 3 என்ற கலவை. சுருக்கமாக எல்.எஸ்.எம்.ஓ. என்பேன். கட்டிப்பொருளாக இருக்கும்போது இதன் கியூரி வெப்பநிலை, அதாவது அதற்கு மேல் காந்தம் போய்விடும் வெப்பநிலை, ஏறக்குறைய 370 கெல்வின். அதாவது அறை வெப்பநிலையிலேயே காந்தம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பொருள் இல்லை.

கரைசலும் வடிதாளும்

அச்சாகப் பயன்படுவது பாலிகார்பனேட் வடிதாள். பாக்டீரியாவை வடிகட்ட எல்லா உயிரியல் ஆய்வகங்களிலும் வைத்திருக்கும் அதே தாள்தான். அயனிக் கற்றை துளைத்த தடங்களை அரித்து எடுத்ததால் துளைகள் நேராகவும் ஒரே அளவாகவும் இருக்கும். 0.8 மைக்ரோமீட்டர் துளை, 10 மைக்ரோமீட்டர் தடிமன், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 3 கோடி துளைகள் கொண்ட தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாங்கனீஸ் கணக்கில் 1 மோலார் செறிவில் 20 மில்லிலிட்டர் கரைசல் செய்ய, லாந்தனம் நைட்ரேட் (6 நீர் மூலக்கூறு கொண்டது) 5.80 கிராம், ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட் 1.40 கிராம், மாங்கனீஸ் நைட்ரேட் (4 நீர் மூலக்கூறு கொண்டது) 5.02 கிராம் வேண்டும். எடை போடுவது எளிது, ஆனால் அந்த எடையை நம்ப முடியாது. லாந்தனம் நைட்ரேட்டும் மாங்கனீஸ் நைட்ரேட்டும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பாட்டிலின் மேல் 6 நீர் என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது 6 அல்ல. லாந்தனம் 5 சதவீதம் குறைந்துபோனால் மிச்சப்படும் மாங்கனீஸ் கடைசியில் மாங்கனீஸ் ஆக்சைடாக ஒதுங்கும். அது காந்த அளவீட்டில் எப்படி முகத்தைக் காட்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆகவே லாந்தனத்துக்கு ஆக்சைடிலிருந்து தொடங்குவதே நல்லது. லாந்தனம் ஆக்சைடை 900 டிகிரியில் சூடாக்கி, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடுகலம்) ஆறவைத்து, உடனே 2.18 கிராம் எடை போட்டு நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரையுங்கள். ஆக்சைடும் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் அந்த 900 டிகிரியைத் தவிர்க்கவே கூடாது. ஸ்ட்ரான்ஷியத்துக்குக் கார்பனேட் 0.97 கிராம். மாங்கனீஸ் நைட்ரேட்டை மட்டும் கரைசலாக வாங்கி, டைட்ரேஷன் செய்து செறிவைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

இப்போது ஒரு கணக்கு. 47 மில்லிமீட்டர் வடிதாளின் எல்லாத் துளைகளையும் சேர்த்தால் கொள்ளளவு வெறும் 2.6 மைக்ரோலிட்டர். 1 மோலார் கரைசலை ஒருமுறை நிரப்பினால் கிடைக்கும் எல்.எஸ்.எம்.ஓ. 0.6 மில்லிகிராம். அதே தாளின் இரு பக்கமும் 10 மைக்ரோமீட்டர் படலமாகக் கரைசல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது 35 மைக்ரோலிட்டர். அதாவது துளைக்குள் இருப்பதைப் போல 13 மடங்கு. துடைக்காமல் சுட்டால், ‘நானோகுழாய்’ என்று பெயர் எழுதிய குப்பியில் பத்தில் ஒன்பது பங்கு சாதாரணத் தூள்தான் இருக்கும். இந்தத் துறையில் ஒன்றுக்கொன்று ஒத்துவராத அளவீடுகள் வருவதற்கு இதையே முதல் காரணமாகச் சந்தேகிக்க வேண்டும். தூளுக்கும் மணி அளவு அதே 25 நானோமீட்டர்தான், எக்ஸ் கதிர்ப் படம் இரண்டையும் பிரித்துக் காட்டாது. அதனால் தவறு வெளியே தெரியாது.

ஆனால் உடனே துடைத்துவிடவும் கூடாது. 1 மோலார் கரைசலில் திடப்பொருளின் பங்கு கன அளவில் 3.5 சதவீதம்தான். முழுத் துளையையும் நிரப்பி உலர்த்தினால் சுவரில் படிவது 7 நானோமீட்டர். ஒரு மணியின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 60 நானோமீட்டர் சுவர் வேண்டுமென்றால் ஏறக்குறைய ஐந்து மடங்கு பொருள் உள்ளே போக வேண்டும். வழி இதுதான். சிரிஞ்சில் வடிதாள் பிடிப்பானைப் பூட்டிக் கரைசலை மெதுவாக அழுத்தி, மறுபக்கம் முத்து முத்தாக வெளிவரும் வரை செலுத்துங்கள். தாளை எடுத்துத் தட்டையாக வைத்து 50 டிகிரியில் நீர் போகவிடுங்கள். துளைக்குள் நீர் குறையக் குறைய, மேலே இருக்கும் படலத்திலிருந்து கரைசல் உள்ளே இழுபடும். மேல்படலம் பாகு பதத்துக்கு வரும்போது நீரில் நனைத்துப் பிழிந்த வடிதாளால் இரு பக்கமும் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் துளை வாயிலுள்ள பொருளும் சேர்ந்து போய்விடும்.

பாகு பதத்தைத் தாண்ட விட்டால் ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட் முதலில் படிகமாகும். மற்ற இரண்டும் பாகாகவே நிற்கும், இது மட்டும் வெள்ளைப் பொடியாய் மேற்பரப்பில் பூக்கும். அந்த வெள்ளையைத் துடைத்தெடுத்தால் குழாயில் ஸ்ட்ரான்ஷியம் குறைந்துபோகும், துடைக்காவிட்டால் மேலோட்டில் கூடும். எப்படிப் பார்த்தாலும் கலவை கெடும். வெள்ளை தெரிந்த தாளைக் கழித்துவிடுவதே நேர்மையானது.

ஏன் மைக்ரோவேவ்

பாலிகார்பனேட் 150 டிகிரிக்குப் பக்கத்தில் இளகத் தொடங்கும். லாந்தனம் நைட்ரேட்டும் ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட்டும் முழுதாகச் சிதைய அதைவிட மிகக் கூடுதலான வெப்பம் வேண்டும். சாதாரண உலையில் மெல்ல மெல்லச் சூடேற்றினால், உள்ளே உப்பு இறுகுவதற்கு முன்பே துளைச் சுவர் இளகி உள்நோக்கிச் சரிந்துவிடும். பிறகு கிடைப்பது குச்சியும் உருண்டையும் கலந்த குப்பை.

மைக்ரோவேவ் இந்த வரிசையை மாற்றுகிறது. அயனிக் கரைசல் அலையை நன்றாக உறிஞ்சும், பாலிகார்பனேட் அதிகம் உறிஞ்சாது. ஆகவே சூடு உப்பிலிருந்தே தொடங்குகிறது. பாலிமர் இளகும் முன் உப்பு இறுகி, நைட்ரேட்டின் ஒரு பகுதி சிதைந்து, சுவரில் ஓடு போல நின்றுவிடுகிறது. குறைந்த திறனில் சில நொடிகள் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். தாள் வெளிர்நிறத்திலிருந்து பழுப்பாகி, கறுப்பு கலந்த பழுப்புக்கு வரும்போது போதும். மாங்கனீஸ் நைட்ரேட் சிதைந்து மாங்கனீஸ் டைஆக்சைடு வந்துவிட்டது என்பதற்கு அந்த நிறமே அடையாளம். அதற்கு மேல் ஓட்டினால் சிக்கல். மாங்கனீஸ் டைஆக்சைடு மைக்ரோவேவை மிகக் கடுமையாக உறிஞ்சும். எங்கே அது கூடுதலாக இருக்கிறதோ அங்கே சூடு இன்னும் ஏறும், ஏறிய இடத்தில் மேலும் உருவாகும். கடைசியில் தாளில் ஓட்டை விழும்.

இதைச் சமையலறை அடுப்பில் செய்யவே கூடாது. பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடு புகை நுரையீரலைக் கெடுக்கும், அதன் விளைவு சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதோடு, நைட்ரேட் ஆக்சிஜனைத் தரும் பொருள், பாலிமர் எரிபொருள். இரண்டையும் சேர்த்துச் சூடாக்குகிறோம் என்பதை மறக்காதீர்கள். ஃபியூம் ஹூடுக்குள், அதற்கென்று ஒதுக்கிய அடுப்பில், ஒரு நேரத்தில் ஒரே தாள்.

இன்னொரு முறை நிரப்பிச் சுவரைத் தடிமனாக்க வேண்டுமென்றால் மைக்ரோவேவுக்குப் பிறகுதான் நிரப்ப வேண்டும். வெறுமனே உலர்த்திய நைட்ரேட்டின் மேல் புதிய கரைசலை ஊற்றினால் பழையது கரைந்து வெளியேறிவிடும்.

அடுத்து உலை. அலுமினா படகில் வைத்து, காற்று ஓட்டம் இருக்கும்படி, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் ஏற்றுங்கள். 400 டிகிரியை ஒட்டி அரை மணி நேரம் நிறுத்தினால் பாலிமர் எரிந்து வெளியேறும். பிறகு 800 டிகிரி, 10 நிமிடம். பாலிமர் எரிந்த கரியமில வாயு ஸ்ட்ரான்ஷியத்தைப் பிடித்துக் கார்பனேட்டாக்கும். எக்ஸ் கதிர்ப் படத்தில், தாமிரக் கதிருக்கு, 25.2 டிகிரியில் ஒரு சிறு முகடு தெரிந்தால் அதுதான். காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். எல்.எஸ்.எம்.ஓ.வின் முதன்மை முகடு 32.7 டிகிரியை ஒட்டி வரும். கருவியின் அகலத்தைக் கழித்தபின் அந்த முகட்டின் பாதி உயர அகலம் 0.33 டிகிரி என்றால் ஷெரர் வாய்பாட்டின்படி மணி 25 நானோமீட்டர். அகலம் குறையக் குறைய மணி பெரிது.

‘இன்னும் கொஞ்சம் நன்றாகப் படிகமாகட்டும்’ என்று 1000 டிகிரிக்குப் போகும் ஆசை எல்லோருக்கும் வரும். மணி வளர்ந்து சுவர்த் தடிமனை எட்டியதும் சுவர் இடையிடையே விட்டுப்போகும், குழாய் துண்டு துண்டாக நறுங்கும். முகடு கூர்மையாகும், குழாய் இருக்காது.

தொட்டும் தொடாத மணிகள்

மாங்கனைட்டில் காந்தம் பிறப்பது மாங்கனீஸ்–ஆக்சிஜன்–மாங்கனீஸ் பாலத்தின் வழியே எலக்ட்ரான் தாவுவதால். இயற்பியலாளர் ஸீனர் 1951-இல் சொன்ன இரட்டைப் பரிமாற்றம் இது. அந்தப் பாலத்தின் கோணமும் ஆக்சிஜன் அளவும் சரியாக இருந்தால்தான் தாவல் நடக்கும். மணியின் மேற்பரப்பில் பாலங்கள் அறுந்து கிடக்கின்றன. ஆகவே வெளிப்புறத்தில் ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிமனுக்குப் பொருள் இருந்தும் ஃபெர்ரோ காந்தம் இல்லை. இதைச் செத்த அடுக்கு என்பார்கள். இரண்டு மணிகள் தொடும் இடத்தில் ஒன்றின் செத்த அடுக்கும் மற்றதன் செத்த அடுக்கும் முட்டுகின்றன. பரிமாற்ற விசை மிகக் குறுகிய தூரமே எட்டும், அந்த இடைவெளியை அதனால் தாண்ட முடியாது.

செத்த அடுக்கின் தடிமனை அளக்க முடியும். மாங்கனீஸ் ஒன்றுக்கு 3.67 போர் மேக்னட்டான் (அணு அளவில் காந்தத்தை அளக்கும் அலகு) என்ற கணக்கில், குறையில்லாத எல்.எஸ்.எம்.ஓ.வின் தெவிட்டிய காந்தமாக்கம் கிராமுக்கு 91 ஈ.எம்.யு. (ஆய்வகத்தில் காந்தத்தை அளக்கும் அலகு). குழாய்களை 5 கெல்வினில் அளந்து 54 வந்தது என்று வையுங்கள். விகிதம் 0.593, அதன் கன மூலம் 0.84. மணியின் விட்டத்தில் 84 சதவீதம்தான், அதாவது 21 நானோமீட்டர்தான், காந்த உள்ளகம். எஞ்சிய 4-ஐப் பாதியாக்கினால் அடுக்கின் தடிமன் 2 நானோமீட்டர். எடையில் வரும் பிழை இங்கேதான் வந்து கடிக்கும். எடையில் 10 சதவீதம் கார்பனேட்டோ அலுமினாத் துகளோ இருந்தால் 54-க்குப் பதில் 48.6 வரும், 2 நானோமீட்டர் 2.4 ஆகிவிடும். மணி அளவை 25-க்குப் பதில் 30 என்று தவறாக எடுத்தாலும் அதே 2.4. இரண்டு பிழையும் சேர்ந்தால் எழுதும் தசம எண்ணுக்குப் பொருளே இல்லை. மைக்ரோ தராசு இல்லாமல் இந்த எண்ணை வெளியிட வேண்டாம். 0.01 மில்லிகிராம் படிக்கும் தராசில் 0.6 மில்லிகிராமை வைப்பது அந்தத் தராசிடம் அதிகம் கேட்பது.

பரிமாற்றம் அறுந்தால் மணிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருக்குமா? ஒரு மணியின் உள்ளகத்தில் இருக்கும் காந்தத் திருப்புத்திறன் ஏறக்குறைய 3 லட்சம் போர் மேக்னட்டான். அத்தனையும் ஒரே திசையில். இப்படி இரண்டு மணிகள் 25 நானோமீட்டர் இடைவெளியில் தலைக்கு வால் என்று நின்றால், அவற்றின் இருமுனை ஆற்றலை வெப்பநிலையாக மாற்றினால் 7,400 கெல்வின் வருகிறது. அறை வெப்பநிலையில் காந்தமாக்கம் பாதியாகக் குறைந்தாலும், ஆற்றல் அதன் வர்க்கத்தில் குறைவதால் 1,850 கெல்வின். 300 கெல்வின் வெப்பக் குலுக்கல் அதை ஒன்றும் செய்யாது. ஆக, அணுக்கள் கைகோக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு மணியும் அண்டை மணியின் காந்தப்புலத்துக்குள்ளேயே நிற்கிறது. குழாயின் காந்தத்தை ஆள்வது இந்த இருமுனை விசைதான்.

இதை ஒரு எளிய சோதனையில் பார்க்கலாம். தனித்த ஒரு மணிக்கு திசைப்பண்பு மாறிலி (காந்தம் தன் திசையை எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்பதன் அளவு) கன சென்டிமீட்டருக்கு 50,000 எர்க் என்று எடுத்துக்கொண்டால், அதன் தடைவெப்பநிலை 70 கெல்வின் அளவில் வரும். அதற்கு மேல் அது கட்டற்றுச் சுழல வேண்டும். 100 எர்ஸ்டெட் (காந்தப்புலத்தின் அலகு) புலத்தில் வெப்பநிலைக்கு எதிராகக் காந்தமாக்கத்தை அளந்து, புலமின்றிக் குளிர்வித்த வரைகோட்டையும் புலத்தில் குளிர்வித்த வரைகோட்டையும் எடுங்கள். முதலாவதன் முகடு 70-ஐ விட எவ்வளவோ மேலே நிற்கும். இரண்டாவது, கீழ் வெப்பநிலையில் ஏறிக்கொண்டே போகாமல் தட்டையாகிவிடும். தனித்தனி மணிகள் என்றால் அது தொடர்ந்து ஏறியிருக்க வேண்டும். தட்டையான அந்தக் கோடு, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மணிகளின் அடையாளம்.

திரும்பும் விதம்

காந்த நீக்குத்திறன், அதாவது காந்தமாக்கத்தைச் சுழியாக்கத் தேவையான எதிர்ப்புலம், ஏன் வெற்று உருளைக் கணக்கோடு ஒட்டுவதில்லை என்பதற்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. தொடர்ச்சியான எல்.எஸ்.எம்.ஓ. உருளை ஒன்று ஒரே வீச்சில் திரும்பினால் 3,660 எர்ஸ்டெட் வேண்டும். மணிக்கோவைக்கு அப்படியில்லை. ஜேக்கப்ஸ், பீன் இருவரும் 1955-இல் கோளங்களின் சங்கிலிக்குச் செய்த கணக்கு இதற்கு அப்படியே பொருந்துகிறது. இரண்டு மணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்புலம் வரும்போது இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து திரும்பலாம், அல்லது ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமுமாக விசிறி மடல்கள் போல விரிந்து திரும்பலாம். ஒரே பக்கம் சாய்ந்தால் பாதி வழியில் இரண்டும் பக்கவாட்டில் இணையாக நிற்க வேண்டி வரும். அது இருமுனைகளுக்குப் பிடிக்காத நிலை. எதிரெதிராகச் சாய்ந்தால் பாதி வழியில் எதிர்-இணையாக நிற்கும், அங்கே ஆற்றல் குறைவு. ஆகவே விசிறித் திருப்பமே மலிவான வழி.

நம் மணிக்கு எண்களைப் போட்டால், இரண்டு மணிகள் ஒரே பக்கம் திரும்ப 540 எர்ஸ்டெட், விசிறியாகத் திரும்ப 180 எர்ஸ்டெட். முடிவில்லாச் சங்கிலிக்கு அவை 1,300, 540 என்று ஏறும். பரிமாற்ற விசை மணிகளை இணைத்திருந்தால் அண்டை மணிகள் எதிரெதிராகச் சாயவே முடியாது. செத்த அடுக்குதான் அந்தச் சுதந்திரத்தைத் தருகிறது. காந்தம் இல்லாத 2 நானோமீட்டர், காந்தம் திரும்பும் விதத்தையே முடிவு செய்கிறது. அர்ஜென்டினாக் குழுவும் 2007-இல் விசிறித் திருப்பத்தைத்தான் சுட்டிக்காட்டியது. இந்த எண்கள் வெப்பக் குலுக்கல் இல்லாத, புலம் சங்கிலி வழியே இருக்கும் நிலைக்கு உரியவை. குழாய்கள் எல்லாத் திசையிலும் கிடக்கும் தூளில், சுவரில் மணிகள் வளைந்து நெளிந்து நிற்கும்போது, இவற்றை எல்லைக் கோடுகளாக மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும்.

அளக்கும்போது ஏமாற்றுபவை

முதல் ஏமாற்று, இரும்பு. 0.5 மில்லிகிராம் குழாயின் மொத்தக் காந்தம் 0.027 ஈ.எம்.யு. ஒரு மைக்ரோகிராம் இரும்பு 0.0002 ஈ.எம்.யு. எஃகு இடுக்கி, ஸ்பேட்டுலா, மேசைத் தூசி எல்லாவற்றிலும் அந்த ஒரு மைக்ரோகிராம் இருக்கிறது. பிளாஸ்டிக் அல்லது டைட்டானியம் இடுக்கி மட்டும் பயன்படுத்துங்கள். சந்தேகம் தீர ஒரு வழி: 390 கெல்வினில் தயக்கக் கண்ணி (புலத்தை இரு திசையிலும் ஏற்றி இறக்கி வரையும் காந்தமாக்கக் கோடு) எடுங்கள். கியூரி வெப்பநிலைக்கு மேலே நேர்கோடுதான் வர வேண்டும். வாய் திறந்த கண்ணி வந்தால் அது மாங்கனைட்டினுடையது அல்ல.

இரண்டாவது, முன்பு சொன்ன மிச்ச மாங்கனீஸ். டிரைமாங்கனீஸ் டெட்ராக்சைடு 42 கெல்வினுக்குக் கீழே ஃபெர்ரி காந்தமாகிறது. வெப்பநிலை வரைகோட்டில் 42-ஐ ஒட்டி ஒரு மடிப்பு தெரிந்தால், அதை ‘மேற்பரப்பு ஸ்பின்கள் (அணுக்களின் காந்தத் திசைகள்) உறைகின்றன’ என்று விளக்கி எழுதும் முன், லாந்தனம் நைட்ரேட்டின் ஈரத்தைப் பாருங்கள். 5 கெல்வின் கண்ணியின் அகலமும் அதனால் பொய்யாகக் கூடியிருக்கும்.

மூன்றாவது, மீக்கடத்தி மின்காந்தத்தின் எச்சப் புலம். 5 டெஸ்லாவுக்குப் போய்த் திரும்பிய சுருளில் சில பத்து எர்ஸ்டெட் மாட்டிக்கொண்டிருக்கும், திரையில் சுழி என்று காட்டினாலும். காந்த நீக்குத்திறன் 180 எர்ஸ்டெட் இருக்கும் பொருளில் 25 எர்ஸ்டெட் பிழை மிகப் பெரிது. பல்லேடியம் தரமாதிரியை முதலில் ஓட்டி எச்சத்தைக் கண்டுபிடித்துக் கழியுங்கள். புலமின்றிக் குளிர்விக்கும் முன் சுருளை அலைவு முறையில் சுழிக்குக் கொண்டுவாருங்கள்.

தெவிட்டலும் எளிதில் வராது. செத்த அடுக்கின் மாங்கனீஸ் அயனிகள் 5 டெஸ்லாவிலும் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும், கோடு சாய்வாகவே போகும். ஜெலட்டின் குப்பியும் பஞ்சும் எதிர்ச் சாய்வு தரும். முதலில் வெற்றுக் குப்பியை அதே புலங்களில் அளந்து கழித்துவிட்டு, பிறகு 1 டெஸ்லாவுக்கு மேலுள்ள நேர்கோட்டைச் சுழிப் புலம் வரை நீட்டிப் படியுங்கள். வரிசை மாறினால் செத்த அடுக்கின் தடிமனும் மாறிவிடும்.

மணிகள் பேசிக்கொள்வதை எண்ணாகக் காட்ட எஞ்சு காந்தமாக்கச் சோதனை இருக்கிறது. மாதிரியை மாறுதிசைப் புலத்தில் படிப்படியாகக் காந்தம் நீக்கி, 25 எர்ஸ்டெட் படிகளாகப் புலம் கொடுத்து, ஒவ்வொரு முறையும் புலத்தை நீக்கி எஞ்சியதை அளங்கள். பிறகு ஒரு திசையில் முழுதாகத் தெவிட்டவைத்து, எதிர்த்திசையில் அதே படிகளை அளங்கள். இரண்டையும் முழு எஞ்சு மதிப்பால் வகுத்துக்கொள்ளுங்கள். மணிகளிடையே உறவே இல்லையென்றால், 1-லிருந்து முதல் வரிசையின் இருமடங்கைக் கழித்தால் இரண்டாம் வரிசை வர வேண்டும் என்று வோல்ஃபார்த் 1958-இல் காட்டினார். வித்தியாசம் எதிர்க்குறியாக வந்தால் காந்தத்தைக் கலைக்கும் உறவு ஓங்கியிருக்கிறது. நேர்க்குறி வந்ததும் ‘பரிமாற்றப் பிணைப்பு’ என்று எழுதிவிடாதீர்கள், தலைக்கு வால் நிற்கும் இருமுனைச் சங்கிலியும் நேர்க்குறி தரும். குழாய்களை ஒரே திசையில் அடுக்கி ஒருமுறை, கலைத்துப் போட்டு ஒருமுறை என்று இரண்டையும் அளந்தால்தான் எது எதனால் என்று பிரிக்க முடியும்.

அடுக்குவது கடினமில்லை. குழாய்களை ஐசோபுரொப்பனாலில் போட்டு மீயொலித் தொட்டியில் 5 நொடி மட்டும் வையுங்கள், அதற்கு மேல் வைத்தால் நொறுங்கும். ஒரு சொட்டைச் சிலிக்கன் துண்டில் விட்டு, இருபுறமும் நியோடிமியக் காந்தம் நிறுத்தி உலரவிடுங்கள். குழாய்கள் புலத்தின் வழியே படுத்துக்கொள்ளும். பிறகு புலத்துக்கும் அடுக்கிய திசைக்கும் இடையே 0 முதல் 90 டிகிரி வரை 15 டிகிரி இடைவெளியில் கண்ணி எடுங்கள். ஒரே வீச்சில் திரும்பும் பொருளென்றால் நீக்குத்திறன் 90 டிகிரிக்குள் சுழிக்கு இறங்க வேண்டும். ஆனால் ஸ்ட்ரான்ஷியத்துக்குப் பதில் கால்சியம் போட்ட குழாயை இந்த வழியில் அடுக்க முடியாது. அதன் கியூரி வெப்பநிலை 260 கெல்வினை ஒட்டியது, அறையில் அது காந்தமே அல்ல. அந்தக் கால்சியம் குழாயை 2008-இல் அர்ஜென்டினாவின் பாரிலோச்சே நகரில் ஒரு சிலிக்கன் நுண் அலையியின் (அதிரும் நுண்கருவி) மேல் தனியாக ஏற்றி, அதன் அதிர்வெண் மாற்றத்திலிருந்து காந்தத்தைப் படித்தார்கள். திசை தெரிந்த ஒற்றைக் குழாயை அப்படி வைத்தால் எடை போடும் தொல்லையும் மேலோட்டுத் தூளின் தொல்லையும் ஒன்றாகத் தீரும்.